கதவைச் சீவாதீங்க, கொஞ்சம் பொறுங்க!

வாசல் கதவு, நிலை, கீல், பூட்டு பத்தி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மரப்பட்டறையிலயே பாதி ஆயுசை ஓட்டுனவர் சொல்ற பதில்கள்.

ஐப்பசி பொறந்தாலே எங்க தலைவாசல் கதவு இறுகிக்குது, தோள் கொடுத்து தள்ளுனாத்தான் தெறக்குது. ஆசாரி வந்து பார்த்துட்டு ஓரத்த சீவிடலாம்ங்கிறார். சீவிடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

வேணாம்மா, இப்ப சீவ விடாதீங்க. இந்த தப்பை நானே என் சொந்த வீட்டுல பண்ணிருக்கேன், ஊருக்கெல்லாம் கதவு மாட்டி விடுற ஆளு தன் வீட்டுக் கதவுன்னதும் அவசரப்பட்டு கார்த்திகை மாசம் அடமழையில ரெண்டு நூல், அதாவது கால் இன்ச், சீவிட்டேன், சித்திரையில பார்த்தா அந்த இடுக்கு வழியா வாசல் லைட் கோடு போட்ட மாதிரி உள்ள விழுது, பல்லி சாவகாசமா போய்ட்டு வருது. மரம் மழைக்காலத்துல ஈரத்த குடிச்சு குறுக்குவாக்குல தான் உப்பும், நீளவாக்குல பெருசா ஒண்ணும் ஆகாது. வெயில் வந்தா மறுபடி சுருங்கிடும், அப்ப சீவுன இடம் ஓட்டையா நிக்கும்.

முதல்ல கதவு எங்க ஒரசுதுன்னு பாருங்க. ஒரு சாக்பீஸ எடுத்து கதவோட ஓரம் முழுக்க நல்லா தேய்ச்சுட்டு கதவ சாத்தி தெறங்க, நிலையில எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்க தான் பிடிக்குது. பூட்டு பக்கம் மேல் மூலையில மட்டும் ஒட்டியிருந்தா அது மழை பிரச்சினையே இல்ல, மேல் கீல் லூஸாகி கதவு தொங்கிருச்சுன்னு அர்த்தம். கதவ பாதி தெறந்து வச்சு கைப்பிடிய மேல தூக்கி பாருங்க, கீல் ஆடுச்சுன்னா உறுதி. அந்த ஸ்க்ரூவ கழட்டி, ஓட்டையில தேக்கு குச்சிய ஃபெவிகால்ல முக்கி அடிச்சு ஒரு நாள் காய விட்டு, பழைய ஸ்க்ரூவ விட நீளமா இரண்டரை இன்ச் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க. பாதி கதவு இதுலயே சரியாகிடும், ஆசாரிக்கு டீ காசோட போச்சு.

ஓரம் முழுக்க வெள்ளை ஒட்டியிருந்தா தான் உண்மையிலேயே ஊறியிருக்குன்னு அர்த்தம். அப்ப ஒரு முகம் பாக்குற கண்ணாடிய கதவுக்கு அடியில வச்சு அடி ஓரத்த பாருங்க. பத்து வீட்டுல எட்டு வீட்டுல அங்க பெயிண்டே இருக்காது, வெறும் மரம் தான் இருக்கும். வாசல் தெளிக்கிற தண்ணி, வீடு கழுவுற தண்ணி எல்லாம் அது வழியா தான் ஏறுது. மாசி பங்குனி வரைக்கும் பொறுத்துட்டு, கதவ கழட்டி மேல் ஓரம் அடி ஓரம் ரெண்டுக்கும் ப்ரைமர் ஒரு கோட், பெயிண்ட் ரெண்டு கோட் குடுங்க. அதுக்கப்புறமும் அடுத்த மழைக்கு பிடிச்சா ஒரு நூல் சீவலாம், சீவுன இடத்துக்கு அன்னிக்கே பெயிண்ட் அடிக்கணும்.

புதுசா வீடு கட்டுறோம். தலைவாசல் மூன்றரை அடிக்கு ஏழு அடி. வாசக்கால், கதவு ரெண்டுமே தேக்குல போடணும்னு வீட்டுல சொல்றாங்க, பட்ஜெட் இடிக்குது. என்ன பண்ணலாம்? – வாசகர், திருப்பூர்

கதவு பார்க்க அழகா இருந்தா போதும்னு நெனைக்கிறாங்க, பாரத்த தாங்குறது என்னமோ வாசக்கால் தான். கதவ பத்து வருஷம் கழிச்சு மாத்திக்கலாம், வாசக்கால மாத்தணும்னா சுவத்த இடிக்கணும். அதனால காசு இருக்குற வரைக்கும் வாசக்கால்ல போடுங்க. தேக்கு தான் வேணும்னு இல்ல, நல்லா காஞ்ச வேங்கையும் தாராளமா போதும், வேம்புல நிலை போட்டு தலைமுறை தாண்டுன வீடெல்லாம் கிராமத்துல இன்னமும் நிக்குது. எந்த மரமா இருந்தாலும் காஞ்சதா இருக்கணும், அது தான் முக்கியம். பச்சை வேம்புல நிலை போட்டீங்கன்னா முறுக்கிக்கும், அதுக்கு வைத்தியம் கிடையாது.

கடையில கணக்கு எப்படி போடுவாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. நீளம் அடியில, அகலமும் கனமும் இன்ச்சுல பெருக்கி 144 ஆல வகுத்தா கன அடி. உங்க வாசலுக்கு 5 இன்ச் அகலம் 3 இன்ச் கனம் வச்சா, ரெண்டு கால் 14 அடி, மேல் கீழ் சேர்த்து 7 அடி, ஆக 21 அடி, கணக்கு போட்டா கிட்டத்தட்ட 2.2 கன அடி வரும். மூலையில நீட்டுற கொம்பு, சேதாரம் சேர்த்து இரண்டரை கேப்பாங்க, அது நியாயம். நாலு கேட்டா எங்கன்னு கேளுங்க.

அப்புறம், பர்மா தேக்குன்னு எல்லா கடையிலயும் போர்டு இருக்கும். மியான்மர் 2014லயே உருட்டு மரம் ஏற்றுமதிய நிறுத்திட்டாங்க, அதனால பேர மட்டும் நம்பாதீங்க, ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற தோட்டத் தேக்கும் கடையில நிறையவே இருக்கு, அது அது பேர்லயே வித்தா தப்பில்ல. பேர விட்டுட்டு மரத்தோட வெட்டு முனைய பாருங்க. நடுவுல வைரம் பாஞ்ச பாகம் பொன்னிறமா பழுப்பா இருக்கும், ஓரத்துல வெளிறுன வெள்ளை இருக்கும், கரையானும் உளு வண்டும் முதல்ல கை வைக்கிறது அந்த வெள்ளையில தான். பாலிஷ் போட்டு மறைச்சு குடுத்தா கண்டே புடிக்க முடியாது, அதனால மரத்த சாயம் ஏத்துறதுக்கு முன்னாடியே போய் பார்த்துருங்க.

வாசக்கால நிறுத்துறப்போ நீங்க பக்கத்துல இருங்க. ரசமட்டம், தூக்குக்குண்டு ரெண்டும் போடச் சொல்லுங்க. கூடவே டேப்ப எடுத்து மூலைக்கு மூலை குறுக்கால அளங்க, உள் அளவு மூன்றரைக்கு ஏழுன்னா ரெண்டு பக்கமும் ஏழடி பத்து இன்ச் வரணும், ரெண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம்னா விடலாம், அரை இன்ச்னா சிமெண்ட் போட விடாதீங்க. சுவத்துக்குள்ள மறையுற பக்கம் முழுக்க தார் பெயிண்ட் அடிக்கணும், இல்லன்னா ஈர சிமெண்ட்ல இருந்தே மரம் தண்ணிய இழுக்க ஆரம்பிச்சுடும். சுவத்தோட பிடிச்சு நிறுத்துற கிளாம்ப் பக்கத்துக்கு மூணு போடணும். நவதானியம், மஞ்ச துணி, பூஜை எல்லாம் மனசுக்கு புடிச்ச மாதிரி பண்ணுங்க, ஆனா நல்ல நேரம் முடியப்போகுதுன்னு கோணலா நிறுத்திடாதீங்க. நேரத்துக்கு மரத்த தொட்டு வச்சுட்டு அப்புறம் பொறுமையா நேர் பார்க்கலாம், எந்த ஐயரும் வேணாம்னு சொல்லல.

கதவு செய்யுறப்போ ஒண்ணே ஒண்ணு. சட்டத்துக்கு நடுவுல வர்ற பலகைய காடியில, அதாவது சட்டத்துல வெட்டுன பள்ளத்துல, சும்மா சொருகி தான் விடணும், ஃபெவிகால் போட்டு ஒட்டக்கூடாது. ஊறி சுருங்க அதுக்கு எடம் வேணும், ஒட்டிட்டா வெயில்ல நடுவுல வெடிக்கும். ஏழடி தேக்கு கதவு நல்ல வெயிட்டு, அஞ்சு இன்ச் கீல் நாலு போடுங்க.

நிலைக்கு கீழ மாவு மாதிரி கொட்டுது. கரையான்னு மண்ணெண்ணெய் ஊத்துனேன், நிக்கல. – வாசகர், மதுரை

மாவு கொட்டுனா அது கரையான் இல்லங்க, உளு. சின்ன வண்டு, குண்டூசி தலை அளவு ஓட்டை போட்டிருக்கும். கரையான்னா மண்ணால கோடு இழுத்துக்கிட்டு வரும், மரத்துக்கு மேல ஒண்ணும் தெரியாது, ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டுனா பொத்துபொத்துன்னு சத்தம் வரும். உளுவுக்கு அந்த ஓட்டைகள்ல மரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்த சிரிஞ்சால ஏத்தி மெழுகால அடைங்க, ரெண்டு வாரம் கழிச்சு புது மாவு கொட்டுதான்னு பாருங்க, கொட்டுனா திரும்ப ஒருதடவ. மண்ணெண்ணெய் வேணவே வேணாம், வாசல்ல விளக்கு ஏத்துறவங்க நாம.

கரையானா இருந்தா மரத்துக்கு மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல, அது தரையில இருந்து வருது. தரையும் சுவரும் சேருற இடத்துல ஒரு அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மருந்து எறக்குவாங்க, அதுக்குன்னு இருக்குற ஆளுங்கள கூப்பிடுங்க. அடியில மட்டும் அரிச்சிருந்தா நிலை முழுசா மாத்த வேணாம், ஒரு அடி அறுத்து எடுத்துட்டு பழசுலயும் புதுசுலயும் பாதிக் கனம் வெட்டி ஒண்ணு மேல ஒண்ணா புது மரத்த ஒட்டு போடலாம், ஒட்டு தெரியாம போடுற ஆசாரி கெடைச்சா அவர் நம்பர பத்திரமா வச்சுக்கங்க.

ஸ்டீல் டோர் நல்லதா? – வாசகர், கோவை

பூட்டு விஷயத்துல நல்லது, நாலஞ்சு எடத்துல தாழ் விழுற மாதிரி வருது, கரையான் பயமும் இல்ல. ஆனா உங்க வாசல் மேற்கு பார்த்து, மேல சன்ஷேடும் இல்லன்னா சாயந்திரம் கை வைக்க முடியாது. வாங்குறப்போ தகடு எத்தன எம்எம், உள்ள என்ன அடைச்சிருக்கு, ரெண்டையும் எழுதி வாங்குங்க, சிலதுல உள்ள தேன்கூடு மாதிரி பேப்பர் தான் இருக்கும். ஒருதடவ ஒடுங்குச்சுன்னா ஒடுங்குனது தான், ஆசாரியால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கென்னமோ மரம் தான், நான் ஒருதலைப்பட்சமா பேசுறேன்னு தெரியும்.

கடல் பக்கத்துல வீடு. கீல், தாழ்ப்பாள் ரெண்டு வருஷத்துல துரு ஏறிடுது. – வாசகி, நாகப்பட்டினம்

இரும்ப விட்டுருங்க. பித்தளை இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுலயும் 304 கிரேடு கேக்காதீங்க 316 கிரேடு கேளுங்க, உப்புக்காத்துக்கு அது தான் தாங்கும். ஸ்க்ரூவும் அதே மெட்டல்ல வாங்கணும், கீல் நல்லதா வாங்கிட்டு இரும்பு ஸ்க்ரூ போட்டா ஸ்க்ரூவ துரு தின்னுடும். மாசம் ஒருக்கா நல்ல தண்ணியில துணிய நனைச்சு தொடச்சு விடுங்க, உப்பு படிய விடாதீங்க.

சாவி திரும்ப மாட்டேங்குது, தேங்காயெண்ணெ விட்டுக்கிட்டே இருக்கேன். – வாசகி, சேலம்

அதனால தான் திரும்ப மாட்டேங்குது. எண்ணெயில தூசி ஒட்டி உள்ள பிசுபிசுன்னு கெடக்கும். பென்சில் முனைய பொடி பண்ணி சாவியில தடவி பத்து தடவ போட்டு எடுங்க. அப்படியும் வரலன்னா பூட்ட கழட்டி கடைக்கு கொண்டு போங்க, தேங்காயெண்ணெய தலைக்கு வச்சுக்கங்க.