ஒரே மாநிலத்துக்குள்கூட, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். என் மகளுக்கு ஒரு வயதானபோது, விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் ஈயம் இருப்பதாக முடிவு வந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5 மைக்ரோகிராமிலேயே கவனிக்கச் சொல்கிறது. செவிலியர் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றியன்று, "வீடு எந்த ஆண்டில் கட்டியது?" என்றுதான் கேட்டார்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் அடங்கிவிடுகிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் சேர்ப்பது இங்கே 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. பழைய ஜன்னல்களை ஏற்றி இறக்கும்போது மரச்சட்டங்கள் உராய்ந்து உதிரும் பெயின்ட் தூள் கீழே படிந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போகிறது. ஆகவே பழைய வீடுகள் நிறைந்த, பழுதுபார்க்கப் பணமில்லாத பகுதிகளில் அளவு கூடுதலாகவும், புதிய புறநகர்களில் குறைவாகவும் இருக்கிறது.

மறுபாதி, எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் மாநிலத்தின் பிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய குடிநீரை நிறுத்திவிட்டு ஆற்றுநீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் இரசாயனத்தைச் சேர்க்காததால் குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கரைந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவை அஞ்சல் குறியீட்டு எண்வாரியாகக் கணக்கிட்டபோது, நகருக்கு வெளியே வேறு நீரைக் குடித்த வீடுகளும் சேர்ந்துகொண்டு உயர்வை மறைத்தன. மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷாவின் குழு ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் நகரில் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகவும், நீரில் ஈயம் மிகுந்திருந்த வார்டுகளில் 4லிருந்து 10.6 ஆகவும் உயர்ந்திருந்தது. மாநில சராசரியை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாடு மாறினால் ஈயம் வரும் வழியும் மாறும். சாம்பியாவின் கப்வேயில் 1994இல் மூடப்பட்ட சுரங்கத்தின் கழிவு இன்றும் தெருப்புழுதியாகப் பறக்கிறது. வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பூட்டத் தேய்த்த ஈயக் குரோமேட் சமையலறைக்குள் நுழைந்தது. 2019இல் ஆய்வாளர்கள் அதை வெளிக்கொணர்ந்து, அரசும் சந்தைகளில் அபராதம் விதித்த பிறகு, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கலப்படம் ஏறக்குறைய மறைந்தது.

செவிலியர் பிறகு மஞ்சள்தூள், கண்மை, ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அது வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. காரீயம், அதாவது இதுவரை பேசிய ஈயம், கலந்திருந்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். இரண்டையும் வெறுமனே 'ஈயம்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சந்தேகம் எளிதில் வருவதில்லை. இரத்தநாளத்திலிருந்து எடுத்த மறுபரிசோதனையில் அளவு 2 என்று வந்தது. விரலில் ஒட்டியிருந்த தூசியும் முதல் எண்ணை உயர்த்தியிருக்கலாம். ஜன்னல் விளிம்புகளை இப்போது ஈரத்துணியால் துடைக்கிறோம். ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கிறது.