டேப் வாங்குறதுக்கு முன்னாடி பரண்ல ஏறிப் பாருங்கக்கா

பெரியபட்டினம் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, அரசு நடுநிலைப் பள்ளியோட மேலாண்மைக் குழு தலைவி. "எங்க ஊரு சபுராளி, அதான் வெளிநாட்டுல சம்பாதிக்கிறவரு ஒருத்தர் ஸ்கூலுக்கு 2 லட்சம் தர்றேன்றாரு, பிள்ளைகளுக்கு டேப் வாங்கிக் குடுக்கணும்னு அவருக்கு ஆசை. 120 பிள்ளைக இருக்கு, பாதி வீட்ல ஒரே போன்தான், அதையும் வீட்டு ஆம்பளைக கடலுக்குக் கொண்டு போயிர்றாக. நெட்டுக்கு மாசாமாசம் யாரு கட்டுறது? என்ன செஞ்சா உருப்படியா இருக்கும்?"

அக்கா, டேப் வேணாம். 2 லட்சத்துக்கு ஒரு பத்துப் பதினஞ்சு டேப் வரும், 120 பிள்ளைல யாருக்குக் குடுப்பீங்க, ஊர்ச் சண்டைதான் மிச்சம். அதோட டேப் கண்ணாடி போச்சுன்னா மாத்துற காசுக்கு பாதி டேப் வாங்கிரலாம், பேட்டரிய ஒட்டி வச்சிருப்பான், சுலபத்துல கழட்ட முடியாது. பழைய லேப்டாப் அப்படி இல்ல, ரேம்னு சொல்ற மெமரி, டிஸ்க், கீபோர்டு, பேட்டரி எல்லாம் தனித்தனியா மாத்திக்கிட்டே வருஷக்கணக்கா ஓட்டலாம்.

அந்த லேப்டாப்பும் உங்க ஊர்லயே கெடக்கு. 2011 செப்டம்பர்ல இருந்து கொரோனா வர்ற வரைக்கும் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு கவர்மெண்ட் இலவச லேப்டாப் குடுத்துச்சே, அதுதான். அப்ப வாங்குன அக்கா கல்யாணமாகி பிள்ளை பெத்திருக்கும், அண்ணன் சவுதில இருப்பாரு, லேப்டாப் மட்டும் பேட்டரி செத்து பரண்ல தூங்கும். நான் போன ஊர்ல எல்லாம் இதைப் பார்த்திருக்கேன். பள்ளிக்குக் குடுங்கன்னு வீடு வீடா கேளுங்க, குடுக்கிறவங்க பேர அது மேலயே எழுதி ஒட்டிருங்க, நம்ம சனம் அதுக்காகவே குடுக்கும்.

அத எப்படி உயிர்ப்பிக்கிறது? பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி, அதான் வேகமா ஓடுற புது வகை டிஸ்க் போடுங்க, ரேம் 2 ஜிபி இருந்தா 4 ஆக்குங்க, விண்டோஸ தூக்கிட்டு அதுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ன்ற இயங்குதளத்தோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பப் போடுங்க, பழைய மெஷினுக்கு லேசா இருக்கும், காசு கெடையாது. பத்து வருஷ மெஷின் கூட டைப் அடிக்க, கணக்குப் போட, வீடியோ பார்க்க நல்லாவே ஓடும். பத்தாததுக்கு கம்பெனிகள்ல இருந்து கழிச்ச லேப்டாப் வாங்கிக்கலாம், 2025 அக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னுபோச்சு, அதனால விண்டோஸ் 11 ஏறாத நல்ல மெஷின் எல்லாம் வெளிய வருது, நமக்கு லினக்ஸ்தான, கவலையே இல்ல.

இங்க பெரிய எதிரி உப்புக்காத்து. மதுரைல அஞ்சு வருஷம் ஓடுற மெஷின் நம்ம கரையில ரெண்டு வருஷத்துல பச்சை பிடிச்சிரும், குறிப்பா ரேம் பல்லு (சொருகுற பக்கத்து உலோக முனைக), லேன் கேபிள் முனை, சார்ஜர் ஓட்டை. கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. மூடிப் பூட்டி வச்சாத்தான் சீக்கிரம் கெடும், ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவையாவது எல்லாத்தையும் ஒரு மணி நேரம் ஓட விடுங்க, அந்தச் சூட்டுல ஈரம் போயிரும். ஆன் ஆகலேன்னா உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, கரண்ட எடுத்துட்டு, பேட்டரியையும் கழட்டிட்டு, ரேம உருவி பல்ல அழிரப்பரால மெதுவா தேய்ச்சு திரும்பச் சொருகிப் பாருங்க, பாதி கேஸ் அதுலயே சரியாயிரும்.

யாருக்கும் சொந்தமா குடுக்காதீங்க, இரவல் குடுங்க. ஒரு நோட்டுப் போட்டு அம்மா கையெழுத்து வாங்கி ரெண்டு வாரத்துக்கு, லைப்ரரி புத்தகம் மாதிரி. முக்கியமா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வீட்ல வருமானம் நின்னுரும், மொதல்ல வெட்டுறது ரீசார்ஜத்தான், பிள்ளைகளுக்கு லீவும் அப்பத்தான். அந்த ரெண்டு மாசமும் மெஷின் வீடுகள்ல இருக்கணும், பீரோவுல இல்ல.

நெட்டுக்கு வருவோம். வீட்டுக்கு வீடு ரீசார்ஜ் பண்ணிக் குடுக்கிற யோசனைய விட்ருங்க. 28 நாள் பேக்குன்னா வருஷத்துக்கு 12 இல்ல 13 தடவை கட்டணும், எந்த நன்கொடையும் தாங்காது. பள்ளிக்கு ஒரு ஃபைபர் லைன் போதும். மத்திய அரசு 2025 பட்ஜெட்ல பாரத்நெட்னு ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கிற திட்டம் மூலமா கிராமத்துப் பள்ளிகளுக்கு பிராட்பேண்ட்னு சொன்னது உயர்நிலை, மேல்நிலைக்குத்தான், உங்களது நடுநிலை, அதை நம்பி உக்காராதீங்க. தமிழ்நாட்டுல பாரத்நெட்ட டான்ஃபிநெட்ன்ற மாநில அரசு கம்பெனிதான் ஊராட்சிகளுக்குக் கொண்டு வருது, உங்க ஊராட்சி ஆபீசுக்கு லைன் வந்திருக்கான்னு விசாரிங்க, வந்திருந்தா பள்ளிக்கும் இழுக்கணும்னு கிராம சபையில தீர்மானம் போடுங்க.

பள்ளி வைஃபை பாஸ்வேர்ட ஊருக்கே சொல்லிராதீங்க, யாரு என்ன பண்ணாலும் லைன் யார் பேர்ல இருக்கோ அவருதான் பதில் சொல்லணும். ஊருக்கும் வைஃபை வேணும்னா பிஎம்-வாணின்னு 2020 டிசம்பர்ல கொண்டு வந்த திட்டம் இருக்கு, டீக்கடைக்காரர் கூட லைசென்ஸ் இல்லாம வைஃபை விக்கலாம், ஆளாளுக்கு ஓடிபி போட்டுத்தான் உள்ள வரணும்.

நெட்டே இல்லாமலும் நிறைய ஆகும். சேர்ந்ததுல நல்ல லேப்டாப் ஒண்ண எடுத்து கோலிப்ரின்ற இலவச சாஃப்ட்வேரப் போட்டு, பாடப்புத்தக பிடிஎஃப், வாத்தியாருக்குப் பிடிச்ச வீடியோ எல்லாம் ஏத்தி வச்சிட்டா, பக்கத்துல வைஃபைல சேர்ற எல்லாப் பிள்ளையும் ஒரு எம்பி டேட்டா செலவில்லாம பார்க்கலாம்.

கரண்ட் பில் ஏறும்னு வீட்ல பயப்படுவாங்க. லேப்டாப் 40 வாட்னு வச்சு தினம் 3 மணி நேரம் போட்டா ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்டு கிட்டதான், 100 யூனிட் இலவசத்துல அது பெரிய கணக்கே இல்ல.

கடைசியா ஆள். 2004லயே ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடத்துல இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து சாட்டிலைட் வச்சு கிராம வள மையம் நடத்துனாங்க, அப்பவே நம்ம கரைக்கு டெக்னாலஜி வந்தாச்சு. மெஷின் எப்பவும் வந்துரும்க்கா, அதப் பார்த்துக்க சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்கத்தான் யாருக்கும் மனசு வராது. டிப்ளமோ முடிச்சிட்டு வீட்ல இருக்கிற ஒரு பொண்ணு உங்க ஊர்லயே இருக்கும், சாயங்காலம் 2 மணி நேரத்துக்கு மாசம் 3,000 ரூபா குடுங்க, வருஷத்துக்கு 36,000. சபுராளிகிட்ட மெஷின் செலவு சொல்லும்போதே இதையும் சொல்லிருங்க, "சம்பளத்துக்கா"னு மூஞ்சி சுளிப்பாரு, விடாதீங்க.

பணம் ரொக்கமா யார் கையிலயும் வேணாம், தலைமையாசிரியரோட பேசி குழுவுல தீர்மானம் எழுதி குழுவோட பேங்க் கணக்குல போடச் சொல்லுங்க, அதுவும் ரெண்டு தவணையா. இப்ப 1 லட்சம், மிச்சம் அடுத்த தடைக்காலம் முடிஞ்சு எத்தனை மெஷின் உயிரோட திரும்பி வந்துச்சுன்னு நோட்ட அவருக்கு போட்டோ எடுத்து அனுப்புன பிறகு.