வேர் புகாத குழாய் உண்டா?

கேள்வி: புல்தரைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் சொட்டுநீர்க் குழாய் புதைத்தேன். இரண்டாம் ஆண்டிலேயே புல் திட்டுத்திட்டாகக் காய்கிறது. தோண்டினால் சொட்டுவானுக்குள் (குழாயில் நீர் சொட்டும் பகுதி) வேர்! ‘வேர் புகாத குழாய்’ என்கிறார்களே, நம்பி மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். அதற்கு முன் பழைய குழாயில் ஒரு சாண் வெட்டி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நான் ஒருமுறை பிளந்து பார்க்காமலே உப்பு அடைப்பு என்று முடிவுகட்டி, இரண்டு முறை அமிலம் விட்டேன். உள்ளே இருந்ததோ தலைமுடி போன்ற வேர். அமிலம் உப்பைத்தான் கரைக்கும், வேரை அல்ல. வெள்ளைப் படிவின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா? அது சுண்ணாம்பு உப்பு.

பிளந்த குழாயின் சொட்டுவானில், ரம்பப் பல் போல வளைந்து வளைந்து போகும் தடம் தெரியும். நீர் ஒவ்வொரு பல்லிலும் மோதிச் சுழல்வதால் பொடி மண் படியாமல் வெளியேறுகிறது. ஆனால் நீர் நின்றால் சுழற்சியும் நின்றுவிடும். வேருக்கு அதுதான் வேளை.

வேரைத் தடுக்க இரண்டு வழிகள் பெரிதும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, சொட்டுவானில் தாமிரம் சேர்ப்பது. வேர் நுனிக்குத் தாமிரம் ஆகாது. மற்றது, டிரைஃப்ளூரலின் என்ற களைக்கொல்லியைப் பிளாஸ்டிக்கிலேயே கலப்பது. அது சிறுகச் சிறுகக் கசிந்து வேர் நுனியில் செல் பிரிவதைத் தடுக்கும். மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் வெகுதூரம் பரவாது. செடி பிழைத்திருக்கும், வேர் வாசலோடு திரும்பிவிடும். சரக்கு தீர்ந்தால் காவலும் தீர்ந்தது.

எனக்கென்னவோ உங்கள் பாசன முறை மேல்தான் சந்தேகம். மூன்று நாளுக்கு ஒருமுறை நெடுநேரம் விடுகிறீர்களா? இடையில் மண் காய்ந்து, சொட்டுவானைச் சுற்றி மட்டுமே ஈரம் நிற்கும். தாகத்தில் இருக்கும் வேர் வேறெங்கே போகும்? தினமும் கொஞ்சநேரம் விடுங்கள்.

இன்னொன்று, நீரை நிறுத்தியதும் குழாயில் மிச்சமிருப்பது தாழ்ந்த பக்கம் இறங்கும்; மேட்டுப் பக்கம் வெற்றிடமாகிச் சேற்றை உள்ளே இழுக்கும். மேடான இடத்தில், காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைத் தடுக்கும் காற்று வால்வு வையுங்கள். பலர் இதற்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்!

வடிகட்டி 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள்), அதாவது கண்ணளவு சுமார் 130 மைக்ரான் இருக்கட்டும். பாசிக்குக் குளோரின் விடுவதானால் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். புதுக் குழாய் போட்ட பிறகு அவ்வப்போது முனை மூடியைத் திறந்து, நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். கலங்கல் தெளியும்வரை ஓடட்டும். கலங்கல் ஓயவே இல்லையென்றால் குழாயை விட்டுவிட்டு வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.