வாசகர் கேள்வி–பதில்: பன்னீர் திராட்சை ஒயினுக்கு ஆகுமா?

கேள்வி: நாசிக்கில் ஒயின் ஆலையில் வேலை பார்த்தவன். சில காலம் வேறு தொழில் செய்துவிட்டு, இப்போது உரிமம் உள்ள ஓர் ஆலையில் மறுபடி சேர்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சையில் 100 கிலோ சோதனை போட்டுப் பார்க்க ஆசை. 'அது தின்கிற பழம், ஒயினுக்கு ஆகாது' என்கிறார்களே? – வாசகர், அடையாறு

பதில்: சிவப்பு ஒயினுக்கு ஆகாது என்றால் சரி. பன்னீர் என்று நாம் வாங்குவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கிரேக்கத்தில் டிர்னவோஸ் பக்கம் இதில் ஒயின் போடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இனிப்பு ஒயின் ஆகிறது. இங்கே 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் ஜூஸ் கடையோடு நின்றுவிடுகிறது. கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு வாரம் தோலோடு நொதிக்க விடுவதுதான் வழக்கமான தப்பு. இதன் தோலில் நிறம் கம்மி. ஊற ஊற விதைக் கசப்புதான் இறங்கும். இந்தப் பழத்தின் சொத்து வாசனை. அதைக் காப்பாற்ற இளஞ்சிவப்பு ஒயினாக, 10–11 சதவீத ஆல்கஹாலோடு, குளிரில் செய்யுங்கள்.

கோயம்பேட்டுப் பழம் வேண்டாம். 500 கிலோமீட்டர் லாரிப் பயணம் தாங்க வேண்டுமே என்று முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். அடிப்பெட்டியில் நசுங்கியது வழியிலேயே புளிக்க ஆரம்பித்திருக்கும். தோட்டக்காரரிடம் நேரில் பேசுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கக் கவாத்தும் அறுவடையும் நடப்பதால், மார்ச்–ஏப்ரலில் வெட்டும் பந்தலாகப் பார்த்துச் சொல்லிவைக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் பழுத்தது தோல் வெடித்து அழுகும். கடைசியாகக் கந்தகம் அடித்தது எப்போது என்றும் கேளுங்கள்; ஒரு மாதத்துக்குள் அடித்திருந்தால் ஒயினில் அழுகிய முட்டை வாடை வர வாய்ப்பு அதிகம். இந்த ரகத்தில் ஒரே கொத்திலேயே கறுத்ததும் சிவந்ததும் பச்சையும் கலந்திருக்கும். கூலி கூடினாலும் பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

அதிகாலையில் வெட்டி, குளிரூட்டிய வண்டியில் ஏற்றுங்கள். காம்பு நீக்கி லேசாக நசுக்கி, 100 கிலோவுக்கு 8 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (கிருமியைத் தடுக்கும் கந்தக உப்பு) கலந்து, 10 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் தோலோடு வையுங்கள். பிறகு மெதுவாகப் பிழிந்தால் 60 லிட்டர் போலக் கிடைக்கும். அழுத்திப் பிழிந்த கடைசிச் சாற்றைத் தனியாக வைத்துவிடுங்கள். ஓர் இரவு குளிரில் தெளியவிட்டு, மேலே தெளிந்த சாற்றை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி அளவுகள். சாற்றின் சர்க்கரை அளவு 18 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் ஏறக்குறைய 18 கிராம் சர்க்கரை) இருந்தால் ஏறக்குறைய 10 சதவீத ஆல்கஹால் வரும். இன்னொரு சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 17 கிராம், அதாவது 60 லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை. வெயிலில் பழுத்ததில் அமிலம் குறைந்து பிஎச் ஏறியிருக்கும், 3.6 என்று காட்டினால் 3.3–3.4க்கு இறக்குங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் டார்டாரிக் அமிலம் பிஎச்சை ஏறக்குறைய 0.1 குறைக்கும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல், பாதி போட்டு அளந்து, சுவைத்துப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

60 லிட்டருக்கு 15 கிராம் ஒயின் ஈஸ்ட் போதும். 150 மில்லி வெதுவெதுப்பான நீரில் (37 டிகிரி) 20 நிமிடம் ஊறட்டும். அதைக் குளிர்ந்த சாற்றில் அப்படியே ஊற்றினால் பாதி செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு சேர்த்து, இரண்டுக்கும் 10 டிகிரிக்குள் வித்தியாசம் வந்ததும் ஊற்றுங்கள். நொதித்தல் 15–16 டிகிரியில் நடக்கட்டும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் ஈஸ்டுக்கு நைட்ரஜன் தரும் டைஅமோனியம் பாஸ்பேட் 15 கிராம் கொடுங்கள். நைட்ரஜன் போதாவிட்டாலும் அதே முட்டை வாடைதான். நம் சென்னை வெயிலில் ஜாக்கெட் குளிரூட்டி (தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை) இல்லாத தொட்டி வீண். 25 டிகிரி தாண்டினால் வாயுவோடு வாசனையும் போய்விடும். 35ஐத் தொட்டால் ஈஸ்ட் பாதியில் நின்று, வினிகர் பாக்டீரியா உள்ளே புகும்.

லிட்டருக்கு 15–20 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கையில் 0–2 டிகிரிக்குக் குளிரவைத்து நிறுத்தினால் இந்தப் பழத்துக்குப் பாந்தமாக இருக்கும். அப்படி நிறுத்தியதை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் சார்பேட் உப்பை மட்டும் நம்பாதீர்கள்: லாக்டிக் பாக்டீரியா இருந்தால் அதுவே ஜெரேனியம் இலை நாற்றத்தைக் கிளப்பும்.

கேள்வி: 18 பிரிக்ஸில் தொடங்கிய ஒயின், ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) 6 காட்டியபடியே நிற்கிறது. நொதித்தல் நின்றுவிட்டதா? – ஆலை ஊழியர், வேளச்சேரி

பதில்: அநேகமாக முடிந்தே போயிருக்கும். ஆல்கஹால் கலந்த பிறகு அந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். ஒயினைக் குலுக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) பாருங்கள், அடர்த்தி 0.995 அளவில் இரண்டு மூன்று நாள் மாறாமல் இருந்தால் முடிந்தது. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. உங்கள் மாதிரி 30 டிகிரியில் இருந்தால் 0.0025 கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பன்னீர் திராட்சை ஒயின் போடலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு என்றாலும் விலக்கு இல்லை. அதே பழத்தில் நொதிக்காத சாறு செய்யுங்கள். உதிர்த்த பழத்தை லேசாக மசித்து, 70 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கினால் தோலின் நிறம் இறங்கும். கொதிக்கவிட்டால் பன்னீர் மணம் போய் ஜாம் வாசம்தான் மிஞ்சும். வடிகட்டி, மறுபடி 85 டிகிரிக்குச் சூடாக்கி, கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி பாட்டிலில் சுடச்சுட ஊற்றி மூடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். திறந்த பாட்டிலை வெளியே மறந்து வைத்தால் அது தானே நொதித்து மூடியைத் தூக்கும்.