கடற்கரைக் கட்டுமானம்: வாசகர் கேள்வி பதில்

பாசையூரிலிருந்து ஒரு வாசகர்: கடலேரிக் கரையில் எங்கள் வளவு ஓரமாக 4 அடி உயரத்தில் கல்மதில் கட்டினோம். மாரி முடிந்து பார்த்தால் மதில் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் நிலமும் அங்கங்கே குழிவிழுகிறது. முன்னால் முண்டு கொடுத்து நிறுத்தலாமா?

முண்டு கொடுத்துப் பயனில்லை. உங்கள் மதிலைச் சாய்த்தது அலை அல்ல, மதிலுக்குப் பின்னால் தேங்கிய மழைநீர். கடலேரி மட்டம் கீழே இருக்க, வளவு மண் ஊறி நிறைந்து நிற்கும்போது மதில் அணைக்கட்டாகிவிடுகிறது. அந்தப் பாரத்துக்கு அது கட்டப்படவில்லை. குழி விழுவதற்குக் காரணம் வேறு: வடிகிற தண்ணீரோடு மண்ணும் கல் இடுக்குகளாலும் அத்திவாரத்துக்குக் கீழாலும் வெளியேறுகிறது. குழிக்குள் மண் போட்டு நிரப்பினால் அடுத்த மாரியோடு அதுவும் போய்விடும்.

முதலில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 4 அடி உயரத்துக்கு 4 அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் பிரித்துக் கட்டுவதே மலிவு. அதற்குக் குறைவென்றால் மதிலின் பின்பக்கத்தை 2 அடி அகலத்தில் அத்திவார மட்டம் வரை தோண்டுங்கள். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். 3 மீற்றர் தோண்டி, வேலையை முடித்து மூடிய பிறகு அடுத்த 3 மீற்றர். குழியில் ஜியோரெக்ஸ்ரைல் எனப்படும் வடிதுணியை விரியுங்கள். துண்டுகள் சேருமிடத்தில் 30 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அதற்குள் 20 முதல் 40 மில்லிமீற்றர் கல்லை நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். மதிலில் 1.5 மீற்றருக்கு ஒன்றாக 75 மில்லிமீற்றர் குழாய் வையுங்கள். அடிவரிசைக் குழாய் வழமையான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்ணீர்ப் பக்கம் சரிவாக இருக்கட்டும். பல மதில்களில் குழாய் இருக்கிறது, ஆனால் உள்முனையில் துணியில்லை. அப்படிப்பட்ட குழாய் மண் வெளியேறத்தான் வழி செய்கிறது.

நிரவுவதற்குச் செம்மண் வேண்டாம். தோட்டத்துக்கு அருமையான மண்தான், ஆனால் ஊறினால் சேறாகி மதிலைத் தள்ளும். மணல் போடுங்கள்.

மதிலின் கால்மாட்டையும் கம்பியால் குத்திப் பாருங்கள். நேர்ச்சுவரில் மோதும் அலை திரும்பிக் கீழே இறங்கி அடிமண்ணை வாரும். வாரியிருந்தால் வடிதுணி விரித்து, ஒருவர் தனியே தூக்கச் சிரமப்படும் 40, 50 கிலோ கற்களை ஒரு மீற்றர் அகலத்துக்கு அடுக்குங்கள். இடம் இருப்பவர்கள் மதிலே கட்டாமல், ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி விரியும் கற்சரிவு அமைப்பதே எங்கள் விருப்பம். கற்சரிவு அலையை வாங்கிக்கொள்ளும். ஒரு கல் நகர்ந்தாலும் திரும்பத் தூக்கிப் போடலாம்.

அதே வாசகர்: முருகைக்கல் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

கூடாது. யாழ். கோட்டை முருகைக்கல்லில் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் சட்டம் இல்லை. கரையோரம் பேணல் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடைசெய்யப்பட்டது. தவிர, அலையை உடைக்கிற முருகைப் பாரைக் கடலுக்குள் உடைத்தெடுத்து, அதே அலையைத் தடுக்கக் கரையில் மதில் கட்டுவது என்ன கணக்கு?

ஊர்காவற்றுறையிலிருந்து: பனங்குற்றி நட்டு, வள்ளம் கட்டுவதற்குச் சிறிய இறங்குதுறை போட எண்ணம். எத்தனை வருடம் தாங்கும்? கொங்கிறீற் தூண் நல்லதா?

மண்ணைக் குத்திப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 12 மில்லிமீற்றர் கம்பியொன்றைத் தூண் வரும் ஒவ்வொரு இடத்திலும் இறக்குங்கள். தீவுப் பகுதியில் ஓரிடத்தில் 2 மீற்றர் சேறு இருக்கும், நாலு எட்டுத் தள்ளி ஒரு அடியில் சுண்ணாம்புப் பாறை தட்டும். சேற்றில், மண்ணுக்கு மேலே தெரியும் நீளம் எவ்வளவோ அவ்வளவு மண்ணுக்குள்ளும் போக வேண்டும். பாறை தட்டினால் குற்றியை அடித்து இறக்க முயலாதீர்கள், நுனிதான் பிளக்கும். பாறையில் துளையிட்டுத் தூணின் கம்பியைச் சீமெந்துச் சாந்தில் ஊன்ற வேண்டும்.

பனையில் அடிமரத்தின் வைரம் ஏறிய பகுதியை மட்டும் எடுங்கள். வைரம் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது, உள்ளே வெறும் சோறு. ஆகவே அழகுக்காகச் சதுரமாகச் சீவுவது உள்ள பலத்தையும் சீவுவதாகும். (தறிக்க முன்னர் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க மறக்க வேண்டாம்.) உப்புநீரில் மரத்துக்கு எதிரி கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் மட்டி இனம். குண்டூசித் துளையளவு வழியால் குஞ்சாக உள்ளே போய், மரத்துக்குள்ளேயே வளர்ந்து குடைந்துகொண்டு போகும். வெளியே பார்த்தால் தூண் நன்றாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். சேற்று மட்டத்திலிருந்து நீர்மட்டம் வரையான பகுதிதான் அதன் இடம். மேலே, நனைந்து காயும் பகுதியை உக்கல் பிடிக்கும். எனவே வருடக் கணக்குச் சொல்வதை விட, வருடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

இப்போதுள்ள தூணைக் காப்பாற்ற, தடித்த கறுப்புப் பொலித்தீனை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சேற்றுக்குக் கீழே அரை மீற்றரில் தொடங்கி, பெருக்கு மட்டத்துக்கு மேலே முடிய வேண்டும். உள்ளே அகப்பட்ட தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்ததும் புழு சாகும். வள்ளம் உரசிக் கிழித்துவிடாமல் வெளியே பழைய ரயர்த் துண்டுகளைக் கட்டுங்கள்.

புதிதாகப் போடுவதென்றால் எங்கள் தெரிவு 200 மில்லிமீற்றர் பீவீசீ குழாய்க்குள் கொங்கிறீற். குழாயை இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்து, 12 மில்லிமீற்றர் கம்பி நான்கை 100 மில்லிமீற்றர் வளையங்களில் கட்டி நடுவில் நிறுத்துங்கள். சுற்றிலும் 50 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகக் கவசம் கிடைக்கும். குழாயும் உறை என்பதால் அது போதும். 1:1½:3 கலவை (சீமெந்து, மணல், கல்), 50 கிலோ சீமெந்துப் பைக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 22 லீற்றர் தண்ணீர். 3 மீற்றர்த் தூண் ஒன்றுக்கு ஒரு பை சற்று மிஞ்சும். மேலிருந்து கொட்டாதீர்கள். சிறிய குழாயை அடிவரை விட்டு, அதன் வாய் எப்போதும் கலவைக்குள் மூழ்கியிருக்க, மெதுவாக உயர்த்துங்கள். இல்லையென்றால் தண்ணீர் சீமெந்தைக் கழுவி, கல்லும் மணலும்தான் மிஞ்சும். கலவைக்கு உவர்க் கிணற்று நீர் கூடாது. பவுசரில் நல்ல தண்ணீர் எடுங்கள்.

மாசி தொடங்கிச் சித்திரை வரை வேலைக்கு உகந்த காலம். வாடை அடங்கியிருக்கும், சோளகம் எழும்பியிருக்காது. எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. எனவே வற்றுக்குக் காத்திருப்பதை விடக் காற்றுக்குக் காத்திருப்பதே பலன்.

காரைநகரிலிருந்து: இறங்குதுறைத் தட்டின் அடிப்பக்கம் கம்பி தெரிய உதிர்கிறது. மேசன் சீமெந்து பூசிவிடலாம் என்கிறார்.

பூசினால் ஒரு மாரிக்கு அழகாக இருக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதுதான் கொங்கிறீற்றை உடைத்தது. துருவின் மேல் பூசினால் பூச்சையும் அது உடைக்கும்.

சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடமெல்லாம் கோடு போடுங்கள். கோட்டில் 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு, 20 முதல் 25 மில்லிமீற்றர், கொத்துங்கள். பலர் நிறுத்துவது கம்பியின் முன்பக்கத்தோடு, பின்னால் உப்பு அப்படியே இருக்கிறது. கம்பியை வெள்ளிநிறம் தெரியத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி 10க்கு வந்திருந்தால் குறுக்குவெட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விட்டது. பக்கத்தில் புதுக்கம்பி வைத்து இருபுறமும் 600 மில்லிமீற்றர் மேவிக் கட்டுங்கள். துத்தநாகப் பூச்சு, பிறகு எஸ்பிஆர் பால் (சாந்து ஒட்டிப் பிடிக்கச் சேர்க்கும் செயற்கை இறப்பர்ப் பால்) கலந்த 1:3 சாந்து, ஒரு தடவைக்கு 20 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஈரச்சாக்கு 7 நாட்கள்.

இவ்வளவு செய்தும் ஓரிரு வருடத்தில் ஒட்டின் ஓரத்தில் துரு கிளம்பலாம். முன்பு துருப்பிடித்த துண்டு பக்கத்துக் கம்பிகளுக்காகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது அது இல்லை. ஒட்டின் விளிம்பில் கம்பியோடு துத்தநாகக் கட்டி கட்டிவிட்டால் அந்த வேலையை அது செய்யும்.

அரியாலையிலிருந்து: வள்ளம் விட வழிக்காகக் கண்டல் மரங்களை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். உங்கள் கரையை இலவசமாகப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள். கண்டல் முடிகிற இடத்தில் இறங்குதுறையைத் தொடங்குங்கள். கீழே சாதாளைக்கு (கடற்புல்) வெயில் விழப் பலகைகளுக்கிடையே 20 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தப் புதுக் கட்டுமானமும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்துக்குப் பிறகுதான்.

நாவாந்துறையிலிருந்து: கல்வனைஸ் போல்ட்டுக்கு ஸ்ரெயின்லெஸ் வோஷர் போட்டோம். போல்ட் துருப்பிடித்துவிட்டது, ஏன்?

இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மட்டமானது கரையும். இங்கே கரைவது போல்ட்டின் துத்தநாகம். போல்ட், நட், வோஷர் மூன்றும் ஒரே இனமாக இருக்கட்டும், அதுவும் பளபளக்கும் மெல்லிய பூச்சல்ல, துத்தநாகக் குழம்பில் தோய்த்த சாம்பல்நிறச் சரக்காக.