312-ஆ, 96-ஆ?

அன்புள்ள ஐயா,

என் தம்பி மகள் டர்பனில் ரத்தவியல், நோயெதிர்ப்பியல் பக்கம் பிஎச்.டி. செய்ய ஒரு பேராசிரியரிடம் சேரப் பார்க்கிறாள். கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுதளத்தில் அவர் பெயரில் 312 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 41 என்று காட்டுகிறது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் 96தான் வருகிறது. மீதி எங்கே? ஏதும் தில்லுமுல்லா?

எஸ்., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள எஸ்.,

அவசரப்பட்டுத் தில்லுமுல்லு என்று சொல்லிவிட வேண்டாம். ரத்தவியலில் இந்த இடைவெளி சகஜம். அமெரிக்க ரத்தவியல் சங்கம் டிசம்பரில் மாநாடு நடத்துகிறது. அதற்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களைத் தன் ‘ப்ளட்’ இதழின் இணைப்பாக நவம்பரிலேயே வெளியிட்டுவிடும். ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். ஸ்காலர் அதையும் ஒரு ‘ப்ளட்’ கட்டுரை என்று எண்ணிவிடும். பப்மெட் பொதுவாகச் சேர்க்காது. தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில் ‘சப்ளிமென்ட் 1’ என்று இருந்தால் அது மாநாட்டுச் சுருக்கம். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஏறக்குறைய அதே தலைப்பு, அதே பெயர்களோடு முழுக்கட்டுரையாக வந்ததா என்று பாருங்கள். பாதிக்கு மேல் சுருக்கமாகவே நின்றுவிட்டால், அங்கே தொடங்கி முடிக்காத வேலை நிறைய என்று நான் சந்தேகப்படுவேன்.

அடுத்தது நம் ஊர்ப் பெயர்க் குழப்பம். பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர் என்று நாலைந்து பெயரை வைத்துக்கொண்டு பாதி டர்பன் ஓடுகிறது. பப்மெட்டில் ‘பிள்ளை கே’ என்று தேடினால் கே.எஸ்., கே.ஆர். எல்லாரையும் அள்ளிக்கொண்டு வரும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பின்னால் சதுர அடைப்பில் ‘ஏயூ’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால் அந்த அள்ளல் நிற்கும். 2002க்கு முந்திய கட்டுரைகளில் முழுப்பெயர் இருக்காது, முதலெழுத்துதான். பல்கலைக்கழகத்தை வைத்து வடிகட்டும்போதும் கவனம் வேண்டும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் 2004இல்தான் உருவானது. அதற்கு முன் நட்டால் என்றும் டர்பன்-வெஸ்ட்வில் என்றும் தனித்தனியாக இருக்கும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளரின் பழைய கட்டுரைகளும் இதேபோலத் தேடலில் காணாமல் போகின்றன. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், அவர் அதைப் புதுப்பித்து வைத்திருந்தால்.

எச்-இண்டெக்ஸ் 41 என்றால், குறைந்தது 41 முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 41 இருக்கின்றன என்று பொருள், அவ்வளவே. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. பெயர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறைக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்று 2017இல் ஐரோப்பிய நோயெதிர்ப்பியல் இதழில் வந்தது. அதை எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஒன்று.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடைசி ஐந்து வருடத்து முழுக்கட்டுரைகளில் பத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் துறையில் வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். அவர் பெயர் எப்போதும் நடுவிலேயே நின்றால், ரத்த மாதிரி கொடுத்தோ நோயாளிகளைச் சேர்த்தோ உதவியவராக இருக்கலாம். அது கௌரவமான வேலைதான், ஆனால் பிஎச்.டி. வழிகாட்ட அது போதாது.

பிறகு அவர் கடைசிப் பெயராக வரும் இரண்டு கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைத் திறக்கட்டும். படத்துக்குக் கீழே ‘என் = 3’ என்று இருந்தால், அது மூன்று மனிதர்களா, ஒரே ஆளின் ரத்தத்தைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் ஊற்றி எண்ணியதா? இரண்டாவது என்றால் வித்தியாசம் தற்செயல் இல்லை என்று காட்ட அந்தப் படத்தில் போடும் நட்சத்திரக் குறிகளுக்கு மதிப்பில்லை. செத்த செல்களைப் பிரிக்கும் சாயம் போட்டார்களா? போடாவிட்டால், செல் வகைகளை அடையாளம் காணப் போடும் ஆன்டிபாடி எதுவானாலும் செத்த செல்கள் அதை ஒட்டிக்கொண்டு இல்லாத செல் கூட்டத்தை இருப்பதாகக் காட்டும். எந்த ஆன்டிபாடி, அதன் குளோன் (துல்லியமான வகை) பெயர் என்ன என்று எழுதியிருக்கிறார்களா? இதைச் சோம்பலாக எழுதும் ஆய்வகத்தில் புது மாணவிதான் ஆறு மாதம் தடுமாறுவாள்.

பப்மெட்டில் கட்டுரைக்கு மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற அறிவிப்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. சின்னத் திருத்தம் குற்றமில்லை.

அந்தப் பத்தில் முதல் பெயராக வந்த மாணவர்களைக் குறித்துக்கொண்டு, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, இரண்டு பேருக்காவது மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். முதல் கட்டுரை வெளிவர எத்தனை வருடம் ஆனது என்ற ஒரு கேள்வி போதும்.