முதியவர்களுக்கு இடுப்புக் கிண்ண முறிவு ஏன் கூடுகிறது?

இங்கே உடைவது தொடை எலும்பின் கழுத்து அல்ல. தொடை எலும்பின் பந்து பொருந்தும் கிண்ணம், அதாவது அசெட்டாபுலம். 1980 முதல் 2007 வரையிலான நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதைத் தாண்டியோரின் பங்கு அக்காலத்தின் முற்பாதியைவிடப் பிற்பாதியில் 2.4 மடங்கானது. ஆயுள் நீண்டதும் எலும்பு மெலிவும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வாகன விபத்து. முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க, கிண்ணத்தின் பின்சுவர் உடையும். முதியவர்களுக்கோ நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தாலே போதும்: அடி தொடைமேட்டில் (இடுப்பின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் தொடை எலும்பின் மேற்பகுதி) பட, பந்து உள்நோக்கிப் பாய்ந்து கிண்ணத்தை முன்பக்கம் தாங்கும் எலும்பான முன்தூணையும் உட்சுவரையும் உடைக்கும், கிண்ணத்தின் கூரையையும் நசுக்கும்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிவிடலாம். விழுந்தபின் கவட்டையில் வலித்து, காலூன்ற முடியாவிட்டால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் சிடி ஸ்கேன் கேளுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.